பெட்ரோல் டாங்கில் ஒட்டியிருந்த இரண்டு சொல்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோணலாக இருக்கும். சின்ன ரகரம் எங்கே, பெரிய றகரம் எங்கே என்று எனக்கு இன்றும் தடுமாற்றம்தான். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ரப்பர் வெட்டுகிற கத்தியைப் பிடித்துப் பிடித்து விரல்கள் பேனாவுக்கு மடங்க மாட்டேன் என்கின்றன. பிழை இருந்தால் நீங்களே திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள்.

வாயால் சொல்லிவிட்டுப் போகலாமே என்று கேட்டால், வாய்தான் எனக்குக் கைகொடுக்காதது. பஸ்சில் இறங்கவேண்டிய இடம் தாண்டிப் போனாலும் சத்தம் போடமாட்டேன். அடுத்த ஸ்டாப்பில் இறங்கி, ஏதோ அங்கேதான் வேலை இருந்ததுபோல் நின்றுவிட்டு, திரும்பி நடந்து வருவேன்.

எங்கள் வீடு கேரளத்தில், பாறசாலைக்குக் கிழக்கே. தமிழ்நாடு கூப்பிடு தூரம். நான் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தேன். என் மனைவி அந்தப் பக்கம் விளவங்கோட்டுக்காரி, அவளுக்கும் தமிழ்தான். மகனை மலையாளத்தில் படிக்கவைத்தோம். வீட்டில் பேசும்போது மூன்று பேருக்கும் பேச்சு ஒன்றுதான், பாதி அது, பாதி இது. எழுத வந்தால் மட்டும் பிரிந்துபோகிறோம். அவன் எழுதுவது எங்களுக்குத் தெரியாது. நாங்கள் எழுதுவது அவனுக்கு எழுத்துக்கூட்டித்தான் வரும்.

மலையாளம் வாசிக்கத் தெரியாதே தவிர, பஸ் போர்டு தெரியும். அது வாசிப்பது இல்லை. ஆட்களின் முகத்தைத் தெரிந்து வைத்திருப்பதுபோல. நெய்யாற்றின்கரை நீளமாக இருக்கும். அம்பூரிக்கு முதல் எழுத்து யானை தும்பிக்கையைச் சுருட்டியதுபோல் இருக்கும். அம்பூரி மலையில் பல வருடம் ரப்பர் வெட்டுக்குப் போனேன், அதனால் அந்த எழுத்து நன்றாகப் பழக்கம். அந்த எழுத்துதான் என்னை ஏமாற்றியது.

மகன் நெய்யாற்றின்கரையில் ஏசி சரிசெய்கிற கடையில் வேலை பார்க்கிறான். இந்த வருடம் தொடக்கத்தில் புது மோட்டார் சைக்கிள் எடுத்தான். கறுப்பு நிறம். டாங்கில் முகம் பார்க்கலாம். தினமும் காலையில் துடைத்துவிட்டுத்தான் பல்லே தேய்ப்பான். எடுத்து ஒரு மாதம் போல் ஆனபோது டாங்கின் மேல், ஓட்டுகிறவன் கண்ணுக்கு நேராக, வெள்ளை எழுத்தில் ஒரு ஸ்டிக்கர் வந்திருந்தது. மலையாளத்தில் இரண்டு சொல். நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

அவனுக்கு ஒரு பெண்ணோடு பழக்கம் இருந்தது எங்களுக்குத் தெரியும். குளத்தூர்ப் பக்கம் உள்ள இந்துக் குடும்பத்துப் பெண். நாங்கள் பழைய மிஷன் சபைக்காரர்கள். அதெல்லாம் பேசித் தீர்க்கலாம் என்றுதான் நாங்கள் இரண்டுபேரும் மனதில் வைத்திருந்தோம். பெண் நர்சு படிப்பு முடித்திருந்தாள். மழை தொடங்குகிற சமயத்தில் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று கேள்விப்பட்டோம். வெளிநாட்டில் இருக்கிற மாப்பிள்ளை. அவளும் அங்கே வேலைக்குப் போகிறாளாம்.

அன்றிலிருந்து மகன் வண்டியைத் தொடவில்லை. பஸ்சில் வேலைக்குப் போனான், பஸ்சில் வந்தான். வந்ததும் பின்னால் ரப்பர் ஷீட் உலர்த்துகிற சாய்ப்புக் கொட்டகையில், வண்டிப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு இருப்பான். பேச்சில்லை. ஆள்காட்டி விரலால் அந்த எழுத்தின் மேல் மெதுவாக இழுத்து இழுத்துப் பார்ப்பான். சோறு போட்டால் பாதி தட்டிலேயே கிடக்கும். சாய்ப்பில் கிடந்த கயிறுகளை எல்லாம் அவன் அம்மா சுருட்டி எங்கேயோ கொண்டுபோய் வைத்துவிட்டாள். எங்கே என்று நான் கேட்கவில்லை. எதற்கு என்றும் கேட்கவில்லை. எனக்கும் அதே பயம்தான்.

அந்த ஸ்டிக்கரை ஒருநாள் கிட்டே போய்ப் பார்த்தேன். முதல் எழுத்து தும்பிக்கை எழுத்து. அம்பூரியின் அ. அந்தப் பெண்ணின் பேரும் அகரத்தில்தான் தொடங்கும். இரண்டு சொல் சேர்த்து எழுதியிருந்தால் ஒன்று அவள், மற்றது இவன். வேறென்ன இருக்கும்? பக்கத்து வீட்டில் மலையாளம் படித்தவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் போய், இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் ஊருக்கே சொன்னதாகிவிடும்.

அதை உரித்து எடுத்துவிடலாம் என்று மனைவியிடம் சொன்னேன். "அது எளகிப் போச்சுண்ணா அவனுக்குக் கொஞ்சம் சொகம் கிட்டும். கண்ணு முன்னால அவளுக்க பேரு கெடந்தா எப்படி வண்டி எடுப்பான்?"

"பெயின்டு போச்சுண்ணா?" என்றாள். "அவன் அத நகம்படாம வச்சிருக்கான். ஒரு கீறல் விழுந்தா அதுக்கும் சேத்து அழுவான்."

அதுதான் எனக்கும் கவலை. வேலை முடிந்து ஒருநாள் உதியன்குளங்கரைக்குப் போனேன். அங்கே ஜங்ஷனில் ஸ்டிக்கர் ஒட்டுகிற கடை ஒன்று உண்டு. கடைக்கு எதிரே மூன்று பஸ் போகிறவரை நின்றேன். கடைக்காரர் மலையாளி, வயது என்னைவிடக் குறைவு. அவரே கூப்பிட்டார்.

"எந்தா சேட்டா, பஸ் கிட்டியில்லே?"

"பஸ் இல்ல. புது வண்டியில ஒரு ஸ்டிக்கரு. பெயின்டு போகாம எளக்கணும்."

"ஒட்டிக்கானா ஞான் இரிக்குந்நது. இளக்கான் வந்நால் என்றெ கச்சவடம் பூட்டும்" என்று சிரித்தார். ஒட்டத்தான் இருக்கிறாராம், பிய்க்க வந்தால் வியாபாரத்தை மூடவேண்டுமாம். பிறகு கேட்டார், "படமோ, எழுத்தோ?"

"எழுத்து."

"எந்து எழுத்து?"

எனக்கு முகம் சூடாகிவிட்டது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. "பேரு" என்றேன். "பையனுக்க வண்டி."

அவர் என் முகத்தைப் பார்த்தார். "பெண்ணின்றெ பேரு. தேச்சிட்டு போயி, அல்லே?"

எங்கள் பக்கம் இப்போது இளசுகள் அப்படித்தான் சொல்கிறார்கள். காதலித்தவனை விட்டுவிட்டுப் போனால் தேய்த்துவிட்டாள் என்பார்கள். நான் தலையை ஆட்டினேன்.

"அவள் தேச்சது மதி. இனி நிங்ஙள் தேய்க்கண்டா" என்றார். அவள் தேய்த்தது போதும், நீங்கள் தேய்க்கவேண்டாம் என்கிறார். அவருக்கே அந்தப் பேச்சு பிடித்துப்போய், உள்ளே வேலை செய்தவரிடமும் ஒருமுறை சொல்லிச் சிரித்தார். பிறகு கொஞ்சம் தமிழ் கலந்து பொறுமையாகச் சொல்லித் தந்தார். பிளேடு தொடக் கூடாது. தின்னர் தொடக் கூடாது, பெயின்ட் வெந்துபோகும். பாத்திரம் கழுவுகிற நார் போட்டுத் தேய்த்தால் அப்புறம் வெயிலில் வட்டம் வட்டமாகத் தெரியும். சூடு காட்டு, பசை இளகும், ஓரத்திலிருந்து மெதுவாக இழு. மேலே தூக்கி இழுக்காதே, வந்த வழியே மடக்கி இழு. மிச்சம் நிற்கிற பசைக்கு எண்ணெய்.

மறுநாள் மகன் பஸ் ஏறிப் போனபிறகு வண்டியைச் சாய்ப்பிலிருந்து பலாமர நிழலுக்கு உருட்டினேன். பழக்கத்தில் கையில் வெட்டுக்கத்தியும் வந்துவிட்டது. ரப்பர் மரத்தில் பட்டையைச் சீவும்போது உள்ளே மரத்தில் காயம் படக்கூடாது, பட்டால் அந்த இடத்தில் பிறகு பால் வராது. அந்தக் கணக்கில் கத்தி எடுத்திருக்கிறேன் போல. மனைவி பார்த்துவிட்டு, "கத்திய கொண்டு வையுங்க" என்று கத்தினாள். கொண்டு வைத்தேன்.

முதலில் பின் மட்கார்டில் இருந்த ஷோரூம் ஸ்டிக்கரில் செய்து பார்த்தேன். கெட்டாலும் பரவாயில்லை, அது பிளாஸ்டிக். சுடுதண்ணீரில் துணியை முக்கிப் பிழிந்து மேலே போட்டு வைத்தேன். அவசரத்தில் மேலே தூக்கி இழுத்ததும் பளபளப்பான தோல் மட்டும் வந்தது, வெள்ளைக் காகிதம் அப்படியே நின்றது. கடைக்காரர் சொன்னது அப்போதுதான் புரிந்தது. துணி ஆறியதும் மாற்றி, மாற்றி, நகத்தால் ஒரு மூலையை எழுப்பி, மடக்கி, மடக்கி இழுத்தேன். வந்தது.

பிறகு டாங்க். எழுத்து ஒவ்வொன்றும் தனித்தனியாக வெட்டி ஒட்டியிருந்தது. தும்பிக்கை எழுத்தில் ஆரம்பித்தேன். சுருள் உள்ள எழுத்தெல்லாம் இழுக்கும்போது நடுவில் அறுந்துபோகும். அறுந்த இடத்தில் மறுபடியும் சூட்டுத்துணி. முதுகு நெடுக வலி. அவன் அம்மா அடுப்புக்கும் மரத்தடிக்கும் தண்ணீர் சுமந்தாள். ஒவ்வொரு எழுத்து வரும்போதும், "போட்டு, போட்டு" என்றாள், போகட்டும் போகட்டும் என்று, பிள்ளைக்கு முள் எடுக்கும்போது சொல்வதுபோல. பிசுபிசுப்பாய் நின்ற பசைக்குத் தேங்காயெண்ணெய் தடவி, காத்திருந்து, விரல் நுனியால் உருட்டினேன். மரத்து வெட்டில் உறைந்து கிடக்கிற ஒட்டுப்பாலை உருட்டி எடுப்பதுபோல உருண்டு உருண்டு வந்தது. சோப்புத்தண்ணீர் விட்டு, பழைய பனியனால் துடைத்தேன். பிய்ந்த எழுத்துகளை எல்லாம் மனைவி வாரி அடுப்பில் போட்டாள்.

ஒரு கீறல் இல்லை. ஆனால் சாய்ந்து பார்த்தால் எழுத்து இருந்த இடம் மட்டும் கொஞ்சம் கூடுதல் கறுப்பாக, நிழல்போலத் தெரிந்தது. தினமும் துடைத்துத் துடைத்து மற்ற இடத்தில் மினுக்கம் குறைந்திருக்கிறது. நேரே பார்த்தால் தெரியவில்லை. போதும் என்று பழையபடி சாய்ப்பில் விட்டேன். அன்று மதியம் சோறு எனக்கு இறங்கியது.

மாலையில் அவன் வந்தான். ஸ்டூலைப் போட்டான். பிறகு ஸ்டூலில் உட்காராமல் நின்றான்.

"ஆரு எளக்கினது?"

"நானாக்கும் மக்கா."

"எதுக்கு?"

"அவளுக்க பேரு கண்ணு முன்னால கெடக்க வேண்டாமுண்ணு..."

"அவளுக்க பேரா?" அவன் சிரித்தான். பல நாளுக்குப்பிறகு சிரிக்கிறான், ஆனால் கேட்க நன்றாக இல்லை. "அப்பாக்கு அதுல என்ன எழுதியிருந்துதுண்ணு தெரியுமா?"

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"அப்பன்றெ மோன்" என்றான் மலையாளத்தில். அப்பனின் மகன்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. வைகிறானோ என்று நினைத்தேன். பிறகு விளங்கியது. அப்பன் என்பதற்கும் அ-தானே.

"அந்த எழுத்தெல்லாம் எங்க?"

"அடுப்புல" என்றாள் அவன் அம்மா.

அவன் உள்ளே போய்ச் சாவி எடுத்து வந்தான். வாரக்கணக்காக நின்ற வண்டி, இருமி இருமித்தான் ஸ்டார்ட் ஆனது. "எங்கோட்டு மக்கா? சாயா குடிச்சிட்டுப் போ" என்று அவள் பின்னால் ஓடினாள். திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான்.

அவன் வண்டி எடுக்கவேண்டும் என்றுதான் அவ்வளவும் செய்தது. எடுத்துப் போனபிறகு வீட்டில் இருக்க முடியவில்லை. ஹைவேயில் லாரிகள் போகிற சத்தம் எங்கள் முற்றம்வரை கேட்கும். ஒவ்வொரு ஹாரனுக்கும் அவள் எழும்பினாள்.

"ஒங்கள ஆரு எளக்கச் சொன்னா? அதப் பாத்துட்டாவது வீட்டுல இருந்தான்" என்றாள். பிறகு முழங்காலில் நின்று ஜெபம் பண்ணப் போனாள். நான் வழியில் போய் நின்றேன். போன் செய்யலாம். செய்து என்ன கேட்பது? எண்ணை எடுத்து எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தேன்.

விளக்குப் போடுகிற நேரத்துக்குப் போன் அடித்தது. அவன்தான்.

"அப்பா, பெட்ரோல் தீந்துபோச்சு. உதியன்குளங்கரைக்கு இந்தப் பக்கமா நிக்கேன்."

"நில்லு மக்கா. வாறேன். அங்கயே நில்லு."

பஸ் பிடித்துப் போனேன். அன்று இறங்கவேண்டிய இடத்துக்கு ரொம்ப முன்னாலேயே சத்தம் போட்டுவிட்டேன். கண்டக்டர், "இனியும் உண்டு, இரிக்கு" என்று உட்காரச்சொல்லி அதட்டினார்.

மூடிக்கிடந்த ஒரு கடை முன்னால் வண்டியோடு நின்றான். முகம் வீங்கியிருந்தது. எங்கே போனாய் என்று நான் கேட்கவில்லை. பம்ப் கொஞ்ச தூரம் முன்னால் உண்டு. அவன் ஹாண்டிலைப் பிடித்தான், நான் பின்னால் கம்பியைப் பிடித்தேன். கொஞ்ச தூரம் போனதும் நின்றுவிட்டான்.

"அப்பா தள்ளுதீங்களா, பிடிச்சு இழுக்குதீங்களா?"

"தள்ளிட்டுத்தானே இருக்கேன்."

"வண்டி பின்னால வருது."

பார்த்தால் சரிதான். ஓடிவிடுமோ என்பதுபோல் கம்பியை இழுத்துப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறேன். கையை மாற்றினேன்.

முகத்தைப் பார்க்காமல் நடக்கும்போது எங்கள் இரண்டுபேருக்கும் பேச்சு கொஞ்சம் சுளுவாக வரும் என்று அன்றுதான் தெரிந்தது. அவனாகவே சொன்னான்.

"அது அவ ஒட்டினதாக்கும்."

"எந்தது?"

"அந்த ஸ்டிக்கரு. போன வருசம் நம்ம அசனத்துக்கு அவ வந்திருந்தா."

அசனம் என்றால் எங்கள் சபையில் வருடம் ஒருமுறை ஊருக்கே பந்தி போட்டுச் சோறு கொடுப்பது. எந்த மதத்துக்காரர்களும் வந்து சாப்பிடுவார்கள்.

"அப்பாக்க இலையில சாம்பார் விழல்ல. விளம்பினவன் தாண்டிப் போயிட்டான். அப்பா ஒண்ணும் சொல்லாம வெறுஞ்சோறு தின்னிட்டு எழும்பினீங்க. அவ எதுக்கப் பந்தியில இருந்து பாத்துட்டே இருந்திருக்கா. அது நம்ம அப்பாவாக்கும்ணு நான் சொன்னேன். அப்போ சொன்னா, நீ அப்பன்றெ மோன் தன்னெண்ணு. பெறகு நான் வண்டி எடுத்து ஒரு மாசத்துல அதயே வெட்டிக்கொண்டு வந்து ஒட்டினா. கேலிக்கு."

எனக்கு அந்த அசனம் ஞாபகம் இருக்கிறது. சாம்பார் இல்லாததை ஒருவரும் பார்க்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

"எல்லாரும் அவ தேச்சிட்டுப் போனாண்ணு சொல்லுதாங்க" என்றான். ஒரு லாரி போய்முடியும்வரை பொறுத்தான். "அவ தேய்க்கல்ல, அப்பா. நான் கேக்கல்ல. என்னைய கெட்டுவியாண்ணு ஒருநாளும் வாயத் தொறந்து கேக்கல்ல. அவ கேப்பான் கேப்பாண்ணு இருந்தா. வீட்டுல மாப்பிள்ள பாக்குதாங்கண்ணு ரெண்டு வட்டம் சொல்லவும் செய்தா. நான் நாளைக்கு, நாளைக்குண்ணு..."

அவன் தோள் குலுங்குவது பின்னால் இருந்து தெரிந்தது. வண்டியை விட்டுவிட்டு அவனைத் தொடவும் முடியவில்லை, விட்டால் சாய்ந்துவிடும். என் முகவெட்டு அவனுக்கு இல்லை, அம்மா முகம். நிறமும் அவளுடையது. என்னிடமிருந்து அவனுக்குப் போனது இந்த வாய் ஒன்றுதான் போலிருக்கிறது. அதை அந்தப் பெண் ஒரு பந்தியில் இருந்துகொண்டு கண்டுபிடித்திருக்கிறாள்.

பம்ப் வெளிச்சம் தெரிந்தது. அங்கே போனால் ஆட்கள் இருப்பார்கள். எத்தனையோ நாளாக என் தொண்டையில் நின்ற ஒன்றை அதற்கு முன்னால் கேட்டாகவேண்டும். கம்பியை இறுக்கிப் பிடித்து வண்டியை நிறுத்தினேன். இந்தமுறை தெரிந்தேதான் இழுத்தேன்.

"மக்கா."

"ம்."

"நீ ஒண்ணும் செய்துர மாட்டியே?"

அவன் திரும்பவில்லை. இல்லை என்று சட்டென்று சொல்லிவிட்டால் நல்லது என்று நினைத்தேன். சட்டென்று சொல்லவில்லை.

"செய்யணும்ணு தோணியிருக்கு" என்றான். "ரெண்டு மூணு நாளு. இன்னைக்கும் ரோட்டுல வரும்ப தோணிச்சு. பெறகு பெட்ரோல் தீந்துபோச்சு."

"அம்மா கயித்த எல்லாம் எடுத்து வச்சிருக்கா."

"தெரியும். கோழிக்கூட்டுக்குப் பொறத்தால வச்சிருக்கா. ஏசி தூக்குறதுக்கு எனக்க கயிறும் அதுல போச்சு. கடையில முதலாளிக்கிட்ட ஏச்சு கேட்டேன்."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டுபேரும் கொஞ்சம் சிரித்தோம் என்றுதான் நினைக்கிறேன். "தோணினா என்னயக் கூப்பிடணும், கேட்டியா" என்றேன். "நான் ஒண்ணும் பேசத் தெரியாதவன். ஆனா வருவேன்." அவன், "அதானே கூப்பிட்டேன். தள்ளுங்க" என்றான்.

பெட்ரோல் போட்டுவிட்டு வீட்டுக்கு அவன் பின்னால் உட்கார்ந்து வந்தேன். அந்த வண்டியில் நான் ஏறியது அதுதான் முதல்.

எங்கள் போதகரிடம் அவனைக் கூட்டிப் போனேன். அவர் சொல்லி நெய்யாற்றின்கரையில் ஒரு டாக்டரிடமும் போனோம். மாத்திரை கொஞ்சநாள் சாப்பிட்டான். டாக்டரிடம் பேசவும் போனான், இன்னும் போகிறான். அந்தப் பெண் கல்யாணம் முடிந்து போய்விட்டாள். அவள் மேல் எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை. தேய்த்துவிட்டாள் என்று என் காதுபடச் சொன்ன ஒருவரிடம், "அப்படி இல்ல" என்று சொன்னேன். அதற்குமேல் விளக்கம் வரவில்லை, ஆனாலும் சொன்னேன்.

எல்லா நாளும் வண்டி எடுப்பதில்லை. மனம் கெட்ட நாளில் பஸ். அவன் வருகிறவரை இப்போது அவன் அம்மாவும் வழியில் போய் நிற்கிறாள். சரியாகிவிட்டது என்று எழுத எனக்குத் தைரியமில்லை. சாயங்காலம் வந்ததும் நான் ஒன்று கேட்கிறேன். "இன்னைக்கு எப்படி மக்கா?" ஒவ்வொருநாளும் அதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் கேட்பேன். பெரும்பாலும், "கொழப்பமில்ல" என்று, பரவாயில்லை என்கிற அர்த்தத்தில், சொல்லிவிட்டு உள்ளே போவான். நேற்று ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் முற்றத்தில் நின்று, "இன்னைக்குக் கொஞ்சம் கஷ்டந்தான் அப்பா" என்றான். நான் சாய்ப்பில் இருந்து அவன் ஸ்டூலையும், அதோடு எனக்கு இன்னொன்றையும் எடுத்துவந்து போட்டேன். சோறு ஆறுகிறவரை இருந்தோம்.

2025 நவம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை